புதுச்சேரியில் ஒரு ரெசின் அச்சுக்கூடம்: ஒய்டிஎம்-4 என்ஜின் கட்டுவோருக்கு ஒரு மதிப்பீடு

மாதிரி ரயில்களுக்கான எச்ஓ அளவில், அதாவது 1:87 விகிதத்தில், இந்திய என்ஜின் ஒன்றைத் தம் கையாலேயே செய்ய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அகலப்பாதையின் டபிள்யூடிஎம்-2 டீசல் என்ஜினையே முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த விருப்பம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் எச்ஓ தண்டவாளத்தின் 16.5 மி.மீ. அகலம் 1435 மி.மீ. கொண்ட வெளிநாட்டுப் பாதைக்காக வகுக்கப்பட்டது. நம் அகலப்பாதையின் 1676 மி.மீ. அகலத்தை 87-ஆல் வகுத்தால் 19.26 மி.மீ. வரும். எனவே எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும், அந்தத் தண்டவாளத்தின் மேல் நிற்கும் அகலப்பாதை என்ஜினின் சக்கரங்கள் ஏறத்தாழ 2.8 மி.மீ. உள்ளொடுங்கியே இருக்கும், முன்புறத்திலிருந்து பார்க்கும்போது அது கண்ணை உறுத்தும். மீட்டர்கேஜுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் 1000 மி.மீ. அகலம் 1:87-இல் 11.49 மி.மீ. ஆகிறது, சந்தையில் கிடைக்கும் 12 மி.மீ. தண்டவாளம் அதைவிட அரை மி.மீ. மட்டுமே அகலமானது. அளவுப் பொருத்தத்தில் அக்கறை உள்ளவர்கள் மீட்டர்கேஜ் என்ஜினையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடலூர்க்காரனான எனக்கு அந்த என்ஜின் ஒய்டிஎம்-4 தான். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் 1961 முதல் அனுப்பியதும், பிறகு 1968 முதல் வாரணாசி டீசல் என்ஜின் தொழிற்சாலையில் கட்டப்பட்டதுமான 1400 குதிரைத்திறன் கொண்ட இந்த டீசல் என்ஜினைத்தான், விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதை அகலப்படுத்தப்படும் வரை திருப்பாதிரிப்புலியூரிலும் கடலூர் முதுநகரிலும் எங்கள் தலைமுறை பார்த்து வளர்ந்தது. நீலகிரி மலை ரயிலில் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே பெட்டிகளை இழுப்பதும் இதே வகைதான் என்பதால், அசலை நேரில் பார்த்து அளவும் படமும் எடுத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் இதன் உடற்கூட்டைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டிச் செய்வது எளிதன்று. ஹூட் எனப்படும் நீண்ட என்ஜின் மூடியின் இருபுறமும் வரிசையாக நிற்கும் கதவுகள், அவற்றின் காற்றுத் துளைச் சட்டங்கள், கீல்கள், ரேடியேட்டர் ஷட்டர்கள் ஆகிய அனைத்தும் ஒரே சீராக அமைய வேண்டும். கையால் வெட்டும்போது ஒரு கதவு கால் மி.மீ. விலகினாலும் வரிசை முழுவதும் கோணலாகத் தெரியும். முப்பரிமாண அச்சு இங்குதான் உதவுகிறது.

நான் மதிப்பிடுவது முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டின் மாடியில் இருவர் நடத்துகிற, பெயர்ப்பலகைகூட வைக்காத ஒரு சிறு ரெசின் (ஒளி பட்டால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) அச்சுக்கூடத்தை. நகைப்பட்டறைகளுக்கான வார்ப்பு மாதிரிகளும் பல் மருத்துவர்களுக்கான பல்வரிசை அச்சுகளுமே அவர்களது அன்றாட வேலை. பொம்மை ரயில் என்று எண்ணி அலட்சியமாக வாங்கி வைப்பார்களோ என்ற தயக்கத்துடன்தான் சென்றேன். நான் வரைந்து எடுத்துச் சென்ற கோப்பைத் திரையில் சுழற்றிப் பார்த்த இளைஞர், கூட்டின் சுவர்க் கனம் 0.8 மி.மீ. இருப்பதைக் கண்டு, நீளமான பகுதிக்கு அது போதாது, 1.2 மி.மீ. ஆக்கித் தாருங்கள் என்றார். கைப்பிடிக் கம்பிகளையும் நான் அதே கோப்பில் வரைந்திருந்தேன். "சார், இந்தக் கம்பியெல்லாம் இதுல வேணாம். கழுவும்போதே உடைஞ்சிடும். நீங்க ஓட்டை மட்டும் விடுங்க, கம்பியைப் பித்தளையில போட்டுக்குங்க" என்று அவர் சொன்ன யோசனை, இந்தக் கலையில் பல ஆண்டுகள் பழகியவர் சொல்லக் கூடியது. பல்லும் மோதிரமும் செய்து பழகிய கைக்கு ரெசின் எங்கே உடையும் என்பது தெரிந்திருக்கிறது.

வந்த கூட்டைப் பற்றிச் சொல்கிறேன். ரெசின் அச்சில் பொருள் அடுக்கடுக்காக வளர்கிறது. இவர்கள் வைத்த அடுக்கின் உயரம் 0.05 மி.மீ. கேட்க மிகச் சிறியதாகத் தோன்றினாலும், 87-ஆல் பெருக்கினால் அசல் என்ஜினில் அது நான்கு மி.மீ.க்கும் மேலான ஒரு படியாகும். செங்குத்தான சுவரில் இந்தப் படிகள் தெரிவதில்லை. கூரையின் மெல்லிய வளைவில்தான் வரைபடத்தின் சமவுயரக் கோடுகளைப் போல எழுந்து நிற்கும். இதைத் தவிர்க்கக் கூட்டைச் சாய்த்து நிறுத்தி, அச்சிடும்போது அதைத் தாங்கிப் பிடிக்கும் தாங்கிகள் அனைத்தும் உட்புறத்தில் மட்டுமே ஊன்றும்படி அமைத்திருந்தார்கள். கதவுகளின் காற்றுத் துளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, கத்தியால் கீறியது போல் விளங்கின. ஓட்டுநர் அறையின் சன்னல் சட்டங்கள் விளிம்பு மழுங்காமல் வந்திருந்தன. கூரையில் மிச்சமிருந்த மெல்லிய கோடுகளை 800, பிறகு 1200 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து நீக்க முடிந்தது. கீல்களின் அருகே மட்டும் உப்புத்தாளை ஒரு தீக்குச்சி அகலத்துக்கு நறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கீல்களே தேய்ந்து மறைந்துவிடும்.

குறைகளும் உண்டு. முதலில் கொடுத்த கூட்டின் அடிவிளிம்பைக் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்தபோது நடுப்பகுதி ஏறத்தாழ அரை மி.மீ. மேலே தூக்கி நின்றது. நீளமான, அடிப்புறம் திறந்த பெட்டி வடிவங்களைப் புற ஊதா ஒளியில் இறுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் அதிகம் ஒளி பட்டால் இவ்வாறு வளையும். வெந்நீரில் சிறிது நேரம் போட்டெடுத்து, கண்ணாடியின் மேல் அழுத்திக் கட்டி ஆறவிட்டால் பெருமளவு நேராகிவிடும் என்றாலும், அது வாங்குபவரின் வேலை அன்று. எடுத்துச் சென்று காட்டியபோது மறுவார்த்தை பேசாமல் வேறொன்று அச்சிட்டுத் தந்தார்கள். அடியில் மூன்று குறுக்குச் சட்டங்களை இணைத்து இறுக்கி, பிறகு வெட்டி நீக்கும்படி அமைத்திருந்ததால் அது நேராகவே வந்தது. உங்கள் கோப்பில் இந்தக் குறுக்குச் சட்டங்களை நீங்களே வரைந்துவிடுவது நல்லது.

இதைவிடக் கவலை தருவது கழுவுதல். அச்சிலிருந்து எடுத்த பொருளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, ஒட்டியிருக்கும் திரவ ரெசினை முழுவதும் நீக்கிய பின்னரே ஒளியில் இறுக்க வேண்டும். என் கூட்டில் மூக்குப் பகுதியின் உள்மூலையில் பிசுபிசுப்பு எஞ்சியிருந்தது. அதை அப்படியே விட்டுப் பெயின்ட் அடித்தால், நாள்பட அந்த ஈரம் கசிந்து பெயின்ட்டைத் தூக்கிவிடும். வாங்கும்போதே ஒரு பஞ்சுக் குச்சியால் உள்மூலைகளைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் அங்கேயே மீண்டும் அலசித் தரச் சொல்லுங்கள். ரெசின் வகையையும் நீங்களே சொல்லிக் கேட்க வேண்டும். நகை வார்ப்புக்கான மெழுகு கலந்த ரெசினும், பல் அச்சுக்கான ரெசினும் என்ஜின் கூட்டுக்கு ஏற்றவை அல்ல. ஏபிஎஸ் பிளாஸ்டிக் போன்ற உறுதியுள்ள சாம்பல் நிற ரெசினைக் கேளுங்கள். தண்ணீரில் கழுவக்கூடிய வகை மலிவாகக் கிடைத்தாலும், அது ஈரத்தை உறிஞ்சி வெடிக்கக் கூடியது என்பதால் நம் கடற்கரைக் காற்றில் அதைத் தவிர்ப்பதே சரி.

இந்த இடத்தின் உண்மையான சிறப்பை அவர்களே விளம்பரப்படுத்துவதில்லை. மீட்டர்கேஜ் என்ஜினின் முன்புறத்தில் அகலப்பாதையைப் போல இருபுறமும் பஃபர்கள், அதாவது மோதலைத் தாங்கும் முட்டுகள், கிடையாது. நடுவில் ஒரே பஃபரும் அதனோடு கொக்கியும் இருக்கும். எச்ஓ பொழுதுபோக்கில் எங்கும் கிடைக்கிற அமெரிக்கப் பாணி இணைப்பிகளை இங்கே பொருத்தினால் முகமே மாறிவிடும். நடுப்பஃபரை ரெசினில் அச்சிட்டால் பெட்டியை இழுக்கும் முதல் முயற்சியிலேயே உடைந்துவிடும். இதைச் சொன்னபோது, மெழுகு ரெசினில் அச்சிட்டுத் தருகிறோம், எங்களுக்கு வேலை கொடுக்கும் நகைப்பட்டறை ஒன்றில் பித்தளையில் ஊற்றி வாங்கிக்கொள்ளலாம் என்று வழி காட்டினார்கள். மோதிரத்துக்குச் செய்வது போலவே மாதிரியைச் சுற்றிச் ஜிப்சம் கலவை ஊற்றி, சூளையில் மெழுகை எரித்து வெளியேற்றி, அந்தக் குழிவில் உருகிய பித்தளையைச் செலுத்துகிறார்கள். வெளிநாடுகளில் என்ஜின் கட்டுவோர் வாங்கும் நுண்ணிய பித்தளை உறுப்புகளும் இந்த முறையில்தான் செய்யப்படுகின்றன. வார்ப்பு சிறிது சுருங்கும் என்பதால் அளவைக் கொஞ்சம் கூட்டி வரைய வேண்டும். சுண்டு விரல் நகத்தைவிடச் சிறிய அந்தப் பஃபர் கைக்கு வந்தபோது, அதன் முகத்தின் வளைவும் கொக்கியின் முனையும் அப்படியே பதிந்திருந்தன. முகப்பு விளக்கின் வளையம், ஹாரன்கள், படிக்கட்டுகள் என உடையக் கூடிய அனைத்தையும் இதே வழியில் செய்துகொள்ளலாம். வேறு ஊர்களில் நல்ல ரெசின் அச்சகங்கள் இருக்கலாம். அச்சும் வார்ப்பும் இப்படிக் கைகோத்திருக்கும் வசதி எளிதில் அமையாது.

கூடு, சக்கரங்களைத் தாங்கும் போகிகளின் பக்கச் சட்டங்கள், எரிபொருள் தொட்டி, பஃபர் மாதிரிகள் எல்லாம் சேர்ந்து மூவாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. வார்ப்புக் கூலி தனி. கிராம் கணக்கில் விலை போடுவதால் உட்புறத்தைத் தேவையின்றிக் கனமாக வரைந்தால் செலவு ஏறும். கோப்பு உங்களிடம் இல்லையென்றால் வரைவுக் கட்டணம் இதைவிட அதிகமாகும்.

ஓடும் பாகங்களை அவர்கள் தருவதில்லை. 1:120 அளவான டிடி மாதிரி ரயில் வகையும் 12 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடுகிறது என்பதால், அந்த வகையில் ஆறு சக்கர அச்சுகள் கொண்ட டீசல் என்ஜின் ஒன்றின் அடிப்பாகத்தைப் பயன்படுத்தலாம். ஒய்டிஎம்-4-இன் சக்கர விட்டம் 965 மி.மீ.; 1:87-இல் அது 11 மி.மீ. டிடி என்ஜின்களின் சக்கரங்கள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவையாகவே இருக்கும். அச்சிட்ட பக்கச் சட்டங்களைச் சற்றுத் தாழ்த்திப் பொருத்தினால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை.

ரெசின் கூடு இலேசானது; எடை சேர்க்காவிட்டால் சக்கரம் வழுக்கும். கடலூர் முதுநகரில் மீன்வலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் ஈயக் குண்டுகளே போதும். ஆனால் அவற்றை வெள்ளைப் பசையால் ஒட்டக் கூடாது. ஈயம் அந்தப் பசையோடு வினைபுரிந்து ஆண்டுக்கணக்கில் மெல்ல உப்பி, கூட்டையே பிளந்துவிடும். எப்பாக்சி பசையில் புதைத்து வைப்பதே பாதுகாப்பானது.

கைப்பிடிகளுக்கு 0.4 மி.மீ. பித்தளைக் கம்பி சரியாக இருக்கும். அசலில் அது 35 மி.மீ. குழாய்க்குச் சமம். அச்சில் விட்ட துளைகளைக் கைத்துளைப்பானால் ஒருமுறை சுத்தம் செய்து கம்பியைச் செருக வேண்டும். பற்றவைத்த இடங்களில், பற்றவைக்கப் பூசும் ஃப்ளக்ஸின் எச்சத்தை அன்றே கழுவிவிடுங்கள். உப்புக் காற்றில் அது விரைவில் பச்சை பிடிக்கும். உடனடி ஒட்டும் பசையையும் இங்கே அளந்துதான் பயன்படுத்த வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது வேகமாக இறுகுவதோடு, சுற்றிலும் வெண்படலத்தையும் படியவிடும். சன்னல் கண்ணாடிகளைக் கடைசியாக, வேறு பசையால் ஒட்டுங்கள்.

என் என்ஜினுக்கு அடர் சிவப்பும் மஞ்சள் பட்டையும் கொடுத்திருக்கிறேன். கூட்டின் மேற்பரப்பு பிரைமரை நன்றாகப் பிடித்துக்கொண்டது. மாஸ்கிங் டேப்பை உரித்தபோது பட்டையின் விளிம்பு கீல்களின் மேல்கூட ஒழுகாமல் நின்றது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் மட்டும் லாக்கர் வகைப் பெயின்ட்டைத் தெளிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது குளிரும் மேற்பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, சிவப்பு முழுவதும் வெளிறிப்போகும்.

அச்சுக்கூடத்தில் வேலை கொடுக்கும் காலத்தையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். தை, வைகாசி, ஆவணி ஆகிய முகூர்த்த மாதங்களில் நகை வேலை குவிந்து, நம்முடையது பின்னுக்குப் போய்விடும். தொலைபேசியில் கேட்டால் அடுத்த வாரம் என்றே பதில் வரும். திருமணங்கள் இல்லாத ஆடியிலோ மார்கழியிலோ கோப்பைக் கொடுப்பவர்களுக்கு அச்சும் வார்ப்பும் விரைவாகக் கிடைக்கின்றன. மார்கழியில் கொடுத்தால், மழை விட்டு வெயில் ஏறும் மாசி மாதத்தில் ஏர்பிரஷைக் கையில் எடுக்கலாம்.