மீன் தொட்டி ஸ்டாண்டுக்குள் பேனல் டக்ட்: ஒரு மதிப்புரை

பிளைவுட் வாங்கி வீட்டிலேயே செய்த ஸ்டாண்டின் கதவைத் திறந்தால்தான் கேனிஸ்டர் ஃபில்டர், ஹீட்டர், விளக்கு, ஏர் பம்ப் ஆகியவற்றின் வயர்கள் பின்னிக் கிடப்பது தெரியும். இவற்றை ஒழுங்குபடுத்த, எலக்ட்ரிக்கல் கடைகளில் பேனல் போர்டுகளுக்கென்று விற்கப்படும் சாம்பல் நிற பி.வி.சி. டக்டைப் பயன்படுத்தி வருகிறேன். இரு பக்கமும் சீப்புப் பல்லைப் போல வெட்டப்பட்டு, அழுத்தினால் பொருந்தும் மூடியுடன் 2 மீட்டர் நீளத்தில் இது கிடைக்கிறது.

பிளக்கோடு சேர்த்து வார்க்கப்பட்ட வயரைச் சிறு துளையில் நுழைக்க முடியாது. டக்டிலோ மூடியைக் கழற்றி, வயரை உள்ளே படுக்கவைத்து, வேண்டிய இடத்துப் பல்லிடுக்கில் வெளியே எடுத்தால் போதும். ஃபில்டரைக் கழுவும் நாளில் அதன் வயரை மட்டும் தனியே உருவிக்கொள்ளலாம். சுவரில் அடிக்கும் கேசிங் பட்டையில் தண்ணீர் புகுந்தால் உள்ளேயே தேங்கும். இதைப் பின்பலகையில் கிடைமட்டமாகப் பொருத்தினால் கீழ்ப்பக்க இடுக்குகள் வழியே வடிந்துவிடும்.

ஆனால், டக்டை நேராகச் சாக்கெட் வரை கொண்டுபோவது ஆபத்து. தொட்டியிலிருந்து கசியும் நீர் வயரைப் பிடித்துக்கொண்டே இறங்கும் என்பதால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பக்கப்பலகையில் உயரமாகத் திருகிவிட்டு, ஒவ்வொரு வயரும் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, அதன் பிறகு மேலேறும்படி விட வேண்டும். நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். 200 வாட் ஹீட்டர்கூட 230 வோல்ட்டில் 1 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கிறது. ஆகவே இங்கே லோடைவிட ஈரமே கவலைக்குரியது, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் அதை முதலில் போட்டுக்கொள்வது நல்லது. ஏர் பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே வைப்பவர்கள், கரண்ட் போகும்போது தண்ணீர் திரும்பி வராமலிருக்கக் குழாயில் செக் வால்வு மாட்ட வேண்டும்.

குறைகளும் உண்டு. பல்லை ஒடித்த இடம் கூராக நிற்கிறது. உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் வயரின் உறையைக் கீறிவிடும். இரட்டைப் பக்க டேப் ஸ்டாண்டுக்குள் இருக்கும் ஈரப்பதத்தில் விட்டுவிடுவதால் திருகியே பொருத்த வேண்டும். வாங்குபவர்கள் 25 மி.மீ. அகலத்தைத் தவிர்த்து 45 மி.மீ. கேட்டு வாங்கினால், மிச்ச வயரை மடித்து வைக்கவும் இடமிருக்கும்.