கோடு சொன்னது ஒன்று, கோளாறு இருந்தது வேறு இடத்தில்: ஆறு வருட டெஃப் அனுபவம்

என் டீசல் பிக்கப் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. 1,42,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றியதோடு சரி, இன்ஜினை யாரும் தொட்டதில்லை. தலைவலி முழுக்கப் புகைபோக்கிப் பக்கம்தான். புகையைச் சுத்தம் செய்யப் பீய்ச்சும் டெஃப் திரவத்தின் எச்சரிக்கை லைட் இதுவரை ஐந்து கோளாறுகளுக்கு எரிந்திருக்கிறது. ஐந்து முறையும் ஏதாவது ஒரு பாகத்தை மாற்றச் சொன்னார்கள். சொன்ன பாகம் உண்மையிலேயே கெட்டிருந்தது இரண்டு முறைதான். மற்ற மூன்றும் எங்கிருந்து வந்தன என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் அடிப்படை. டெஃப் என்பது 32.5 சதவீதம் யூரியா, மீதி அயனி நீக்கிய சுத்தமான தண்ணீர். கேனில் ஆட்புளூ என்று போட்டிருந்தாலும் சரக்கு இதுதான். அது ஜெர்மன் வாகனத் தொழில் சங்கம் பதிவு செய்து வைத்திருக்கும் வணிகப் பெயர். ஐஎஸ்ஓ 22241 தரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். சூடான புகைக்குள் இதைப் பீய்ச்சினால் அம்மோனியா உண்டாகும். அது எஸ்சிஆர் கேட்டலிஸ்ட் என்ற வினையூக்கிப் பெட்டியில் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) வாயுவோடு சேர்ந்து நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடும். ஒரு டேங்க், பம்ப், பைப், இன்ஜெக்டர், கேட்டலிஸ்டுக்கு முன்னால் ஒரு நாக்ஸ் சென்சார், பின்னால் ஒன்று, இடையில் வெப்பம் அளக்கும் சென்சார்கள். சாமான்கள் இவ்வளவுதான். ஆனால் இதில் ஒன்று சரியில்லை என்றாலும் பழி பெரும்பாலும் பின்னால் இருக்கும் நாக்ஸ் சென்சார் மேல்தான் விழுகிறது. கடைசியில் நின்று மார்க் போடுவது அதுதானே.

முதல் முறை 41,000 கி.மீ.யில். எரர் கோடு பி20ஈஈ, அதாவது கேட்டலிஸ்டின் திறன் குறைந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிய ஐந்தாவது நிமிடம் தீர்ப்பு வந்துவிட்டது: "பின்னாடி நாக்ஸ் சென்சார் போயிடுச்சு சார். எல்லா வண்டிலயும் வர்றதுதான்." மாற்றினார்கள், லைட் அணைந்தது, நானும் சந்தோஷமாகத் திரும்பினேன். மூன்று வாரத்தில் அதே லைட், அதே கோடு.

லைட் அணைந்தது சென்சாரை மாற்றியதால் அல்ல, எரர் கோடை அழித்ததால். அழித்த பிறகு கம்ப்யூட்டர் மறுபடி சில ஓட்டங்களில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் லைட்டைப் போடும். அந்த இடைவெளியைத்தான் நான் குணம் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்று, கோடை அழிக்கும்போது கோளாறு வந்த நேரத்து வேகம், வெப்பம், லோடு ஆகியவற்றின் பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். துப்பு துலக்க இருந்த ஒரே சாட்சி அதுதான். அன்றிலிருந்து ஸ்கேனர் திரையை போனில் படம் எடுக்காமல் யாரையும் அழிக்கவிடுவதில்லை.

இரண்டாவது முறை லைட் வந்தபோது நானே ஒரு சாதாரண ஸ்கேனர் வாங்கி ஓடும்போது எண்களைப் பார்த்தேன். வண்டி நன்றாகச் சூடேறி ஒரே வேகத்தில் போகும்போது முன் சென்சார் 400 பிபிஎம் காட்டினால் பின் சென்சார் அதில் ஒரு சிறு பங்குதான் காட்ட வேண்டும். என் வண்டியில் 180 காட்டியது. புது சென்சார். பொய் சொல்ல அதற்குக் காரணம் இல்லை. நாக்ஸ் உண்மையாகவே குறையவில்லை என்று அர்த்தம்.

அப்போதுதான் வண்டியின் பின் பாடியில் உருண்டுகொண்டிருந்த பாதி கேன் ஞாபகம் வந்தது. மூடி சரியாக இறுகாத கேன். பல நாள் மழையில் நின்றது. அதிலிருந்து ஊற்றியது நானேதான். ரிஃப்ராக்டோமீட்டர் என்று கையடக்கமாக ஒரு கருவி உண்டு. இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் நீலக் கோடு எந்த சதவீதத்தில் நிற்கிறது என்று தெரியும். 32.5இல் நிற்க வேண்டிய கோடு 27இல் நின்றது. டேங்கை முழுக்க வடித்து, அயனி நீக்கிய தண்ணீரால் அலசி, புது திரவம் ஊற்றினேன். அடுத்த நீண்ட ஓட்டத்தில் பின் சென்சார் 30, 35 என்று இறங்கியது. கழற்றிப் போட்ட பழைய சென்சார் இன்னும் என் டூல் பெட்டியில் கிடக்கிறது. நல்ல சென்சார்தான், பாவம்.

திரவத்தின் தரத்தை நேரடியாக அளக்கும் சென்சார் என் மாடலில் இல்லை. அது இருக்கும் வண்டிகளில் இந்தக் கூத்து முதல் நாளிலேயே வேறு கோடாக வந்திருக்கும்.

67,000இல் வந்தது பி20ஈ8, அழுத்தம் குறைவு. இந்த முறை பம்ப் மாட்டிக்கொண்டது. என் வண்டியில் பம்ப் 5 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஸ்கேனரில் பார்த்தால் 5 வரை ஏறுகிறது, இன்ஜெக்டர் மூடியிருக்கும்போதும் மெதுவாக 3-க்கு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. கெட்ட பம்ப் என்றால் ஐந்தை எட்டவே திணறும் என்று எனக்குப் பட்டது. எட்டிவிட்டு இறங்குகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அடியில் படுத்தேன். பைப்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே வந்தால், டேங்குக்குப் பக்கத்தில், பைப் இணையும் பிளாஸ்டிக் கிளிப்பைச் சுற்றி, ஈரச் சுவரில் உப்புப் பூத்தது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. டெஃப் ஒழுகினால் தண்ணீர் ஆவியாகிவிடும், யூரியா மட்டும் அங்கேயே வெள்ளையாக நிற்கும். தரையில் ஈரத்தைத் தேடுவது வீண். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றியதும் கரைந்து ஓடிவிட்டது. கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த ரப்பர் வளையத்தில் ஒரு வெட்டு. வளையம் மாற்றிய பிறகு அழுத்தம் 5-ஐ விட்டு அசையவில்லை. அந்தப் பம்ப்தான் இன்றுவரை ஓடுகிறது.

மூன்றாவது கோளாறுதான் என்னை அதிகம் அலைய வைத்தது. 89,000 கி.மீ.யில் மறுபடியும் பி20ஈஈ. முதல் வேலையாகத் திரவத்தைச் சோதித்தேன்: 32.5. வெள்ளைப் பூச்சு எங்கும் இல்லை. அழுத்தம் சரி. ஒர்க்‌ஷாப்பில் இந்த முறை கேட்டலிஸ்டையே மாற்றச் சொன்னார்கள்.

அப்போது என் கணக்குப் புத்தகம் கை கொடுத்தது. டெஃப் ஊற்றும்போதெல்லாம் கி.மீ.யும் லிட்டரும் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. பொதுவாக டீசல் செலவாகும் அளவில் 2 முதல் 5 சதவீதம் வரை டெஃப் செலவாகும். என் வண்டிக்கு 1,000 கி.மீ.க்கு மூன்று லிட்டர் சொச்சம். கடைசி இரண்டு முறை அது இரண்டு லிட்டருக்கும் கீழே போயிருந்தது. மிச்சம் பிடிக்கிறது என்று நினைத்திருந்தேன்! திரவம் நன்றாக இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது, ஆனால் போக வேண்டிய அளவு போகவில்லை. அப்படியானால் இன்ஜெக்டர் வாயில்தான் அடைப்பு.

கழற்றிப் பார்த்தால், பல் காரை மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாக இறுகிக் கிடந்தது. தண்ணீரில் கரையும் சாதாரண யூரியா வேறு, இது வேறு. புகைக்குழாய் போதுமான சூடு ஏறாத நேரத்தில் திரவம் உள்ளே விழுந்தால், யூரியா முழுதாகப் பிரியாமல் பயூரெட், சயனூரிக் அமிலம் என்று வேறு பொருள்களாக மாறிப் படியும். அவை எளிதில் கரையாது. இன்ஜெக்டர் முனையைச் சூடான தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பொறுமையாக எடுத்தேன். ஊசி, கம்பி எதையும் துளைக்குள் விடவில்லை. துளை பெரிதானால் இன்ஜெக்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிறகு ஸ்கேனரில் இருக்கும் அளவுச் சோதனையை ஓட்டி, அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்தேன். சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவு வந்தது, ஸ்ப்ரேயும் பூவாக விரிந்தது. திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் புதியது போட வேண்டும், பழையதைப் போட்டால் புகை கசியும்.

சரி, படிவு ஏன் வந்தது? அந்த இரண்டு மாதமும் வண்டி நாலு, ஐந்து கி.மீ. ஓட்டங்களில்தான் போய் வந்தது. கேட்டலிஸ்ட் சுமார் 200 டிகிரியைத் தொட்ட பிறகுதான் பீய்ச்சலே ஆரம்பிக்கும். அதைத் தொட்ட கையோடு நான் வண்டியை நிறுத்திவிடுவேன். ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி என் கைவேலை. வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரி இறங்குகிறதே என்று ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டிருந்தேன். சாவியை அணைத்த உடனே அதையும் அணைத்துவிடுவேன். சாவியை அணைத்த பிறகும் பின்னால் ஒரு நிமிடம் போல மெல்லிய உறுமல் கேட்கும், கவனித்திருப்பீர்கள். பைப்பிலும் இன்ஜெக்டரிலும் மிச்சமிருக்கும் திரவத்தைப் பம்ப் திரும்ப டேங்குக்கு இழுத்துக்கொள்ளும் சத்தம் அது. நான் அதன் கழுத்தைத் தினமும் நெரித்துக்கொண்டிருந்தேன். மிச்சத் திரவம் சூடான முனையிலேயே நின்று காய்ந்து இறுகியிருக்கிறது. இப்போது சத்தம் நின்று இரண்டு நிமிடம் கழித்துத்தான் சுவிட்சைத் தொடுகிறேன். அதன் பிறகு ஒருமுறை முனையைக் கழற்றிப் பார்த்தேன், லேசான வெண்மை தவிர ஒன்றும் இல்லை.

இன்ஜெக்டரைச் சுத்தம் செய்த பிறகும் சில நாள் பின் சென்சார் அதிகமாகவே காட்டியது. குழாயில் ஒட்டியிருந்த படிவு சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து அம்மோனியாவை விட்டுக்கொண்டிருந்திருக்கும். நாக்ஸ் சென்சாருக்கு நாக்ஸும் அம்மோனியாவும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்தே காட்டும். புகையில் மூக்கைத் துளைக்கும் நெடி இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். லோடு ஏற்றி ஒரு நீண்ட ஓட்டம் விட்டதும் சரியாகிவிட்டது.

நாலாவது, 1,08,000இல் பி2200. முன் நாக்ஸ் சென்சார் உண்மையிலேயே செத்துப்போனது. மாற்றுவதற்கு முன் கனெக்டரில் மின்சாரம் வருகிறதா, எர்த் சரியா, பியூஸ் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். வண்டி எவ்வளவு சூடேறினாலும் சென்சார் ஒரு எண்ணும் தரவில்லை. குளிர்ந்த வண்டியில் எண் வராதது சகஜம். உள்ளே இருக்கும் பீங்கான் கடும் சூட்டில் வேலை செய்வது, ஒரு துளி நீர் பட்டால் விரிசல் விழும்; அதனால் குழாயில் ஈரம் காயும் வரை அது கண் திறக்காது. பலர் இது தெரியாமல் ஸ்டார்ட் செய்த கையோடு பார்த்துவிட்டு சென்சாருக்குச் சாவுமணி அடித்துவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் நடுவே, முழு சிஸ்டத்தையும் எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. பல நாடுகளில் அது சட்டவிரோதம். அது போக, அஞ்சு பைசா ரப்பர் வளையத்துக்காகக் கேட்டலிஸ்டையே அறுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. எச்சரிக்கை வந்தபின் வண்டி இன்னும் இத்தனை கி.மீ.தான் ஓடுவேன் என்று இறங்கு முகமாக எண்ண ஆரம்பிக்கும்போது எரிச்சல் வரும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ஊற்றும்போது ஒரு எச்சரிக்கை. டெஃப் பம்ப்பின் முனை 19 மி.மீ., டீசல் முனையைவிடச் சிறியது. அதனால் டீசல் முனை டெஃப் டேங்கின் வாய்க்குள் போகாது. டெஃப் முனை டீசல் டேங்குக்குள் தாராளமாகப் போகும். தெரிந்தவர் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் அப்படி ஊற்றிவிட்டார். நல்லவேளை, சாவியைப் போடும் முன்பே சுதாரித்தார். டேங்கை வடித்ததோடு போயிற்று. ஸ்டார்ட் செய்திருந்தால் எரிபொருள் பம்ப்பிலிருந்து இன்ஜெக்டர்கள் வரை அரிப்புதான்.

ஐந்தாவது, 1,31,000இல் பி20பி9, டேங்க் ஹீட்டர் சர்க்யூட் அறுபட்டிருக்கிறது என்ற கோடு. இந்தத் திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறையும், அதைக் கரைக்கத்தான் ஹீட்டர். வெயில் காலத்திலும் கம்ப்யூட்டர் அந்த சர்க்யூட்டைச் சோதித்துக்கொண்டேதான் இருக்கும், கெட்டிருந்தால் விடாது. டெஃப் சில சமயம் வயருக்குள்ளேயே திரி போல ஊறிக் கனெக்டர் வரை வந்து பச்சையாக அரித்துவிடும். அதனால் முதலில் கனெக்டரைக் கழற்றினேன். பளபளவென்று சுத்தமாக இருந்தது. மல்டிமீட்டரை வைத்தால் ஹீட்டரில் ஓட்டமே இல்லை. இந்த முறை கோடு சொன்னது நிஜம்.

ஹீட்டர், லெவல் சென்சார், வெப்ப சென்சார் மூன்றும் ஒரே யூனிட்டாக டேங்கின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று போனால் மூன்றையும் மாற்ற வேண்டும். இந்த வண்டியில் எனக்குக் கடுப்பேற்றும் வடிவமைப்பு இது ஒன்றுதான். மாற்றியாகிவிட்டது, லைட் இல்லை. ஆனால் புது யூனிட் வந்ததிலிருந்து லெவல் முள் முக்காலில் நின்றுகொண்டு, முழுக்க ஊற்றினாலும் இருபது கி.மீ. ஓடிய பிறகுதான் ஒரே தாவலில் ஃபுல்லுக்குப் போகிறது. கோடு எதுவும் வரவில்லை. முள்ளை நம்பாமல் கணக்குப் புத்தகத்தை வைத்துத்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.