விறகடுப்புக் கதவுக்கு எந்தக் கயிறு? நான்கு குளிர்காலம் எரித்துப் பார்த்த அனுபவம்

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோரன்ஸ்கூக்கில் இருக்கிறோம். வீடு வாங்கும்போதே கூடத்தில் வார்ப்பிரும்பு விறகடுப்பு ஒன்று இருந்தது, 2004-இல் பொருத்தியது. விருந்தாளி வந்தால், கரண்ட் போனால் பற்றவைப்போம், அவ்வளவுதான். 2021 கடைசியில் தெற்கு நோர்வேயில் மின்கட்டணம் ஏறிய ஏற்றத்தில் தினமும் மாலை விறகுதான் என்று ஆனது. கதவின் கேஸ்கெட், அதாவது காற்றுப் புகாமல் கதவைச் சுற்றி ஒட்டியிருக்கும் கயிறு, செத்துக் கிடப்பது அப்போதுதான் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது என்றால், காற்று விடும் நெம்புகோலை முழுக்க மூடினாலும் நெருப்பு அடங்கவில்லை. நின்று எரிய வேண்டிய பிர்ச் கட்டை முக்கால் மணி நேரத்தில் சாம்பல். கண்ணாடியில் பூட்டுப் பக்கத்துக் கீழ்மூலை மட்டும் தினமும் கறுத்தது. ஒரு செய்தித்தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்துப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தேன், வெண்ணெயில் கத்தி போனதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. நல்ல கேஸ்கெட் என்றால் தாள் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் பலமாக இழுத்தால் கிழியும். அடுப்பு ஆறியிருக்கும்போது கதவைச் சுற்றிலும் பத்து இடத்தில் இப்படிப் பாருங்கள், எந்தப் பக்கம் காற்று வாங்குகிறது என்று அப்படியே தெரிந்துவிடும்.

முதலில் நான் வாங்கியது இடுக்கு அடைக்கும் சிவப்பு சிலிக்கோன் பசை. 300 டிகிரி தாங்கும் என்று குழாயிலேயே போட்டிருந்தது. அந்த எண்ணை நம்பிப் பழைய கயிற்றின்மேல் தடவினேன். மூன்றாம் நாளே நாற்றம், இரண்டு வாரத்தில் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. வெளியே ஆறிய தகடுகளுக்கு சிலிக்கோன் சரி, நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிற கதவுக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் இணையத்தில் மலிவாகக் கிடைத்த கண்ணாடியிழைக் கயிறு, 8 மில்லிமீட்டர். 550 டிகிரி தாங்கும், பொருளில் குறையில்லை. ஆனால் என் கதவின் காடிக்கு, அதாவது கயிறு உட்காரும் பள்ளத்துக்கு, 10 வேண்டும், அதோடு அது இறுக்கிப் பின்னிய கெட்டிக் கயிறு. பூட்டியபோது அமுங்கவே இல்லை, விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது. குளிர்காலம் முடிவதற்குள் தட்டையாகிப்போனது. இனிப் பெரிதாகவே வாங்குவோம் என்று அடுத்த இலையுதிர்காலத்தில் 12 வாங்கினேன். கதவைத் தோளால் தள்ளித்தான் பூட்ட முடிந்தது, கீல் முனகியது. வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

இதற்குப் பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கடையில் எல்லோரும் எத்தனை டிகிரி தாங்கும் என்றுதான் கேட்கிறோம், நானும் கேட்டேன். ஆனால் கதவுக் கயிறு கெடுவது பெரும்பாலும் சூட்டால் இல்லை, மெதுமை போவதால். குக்கர் ரப்பரை நினைத்துப் பாருங்கள். அது உருகியா போகிறது? இறுகிப்போகிறது, ஆவி பக்கவாட்டில் சீறுகிறது, விசில் வருவதில்லை. இங்கேயும் அதே கதைதான். கயிற்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினால் பாதிக்குப் பாதி அமுங்க வேண்டும், விட்டால் திரும்ப எழும்ப வேண்டும். உள்ளே பஞ்சுபோல இழையும் மேலே சட்டை பின்னுவதுபோல வலைப்பின்னலும் உள்ள கயிறுதான் அப்படி இருக்கும். அதில் 10 மில்லிமீட்டர், இரண்டரை மீட்டர் வாங்கி 2022 ஒக்டோபரில் ஒட்டினேன். இன்றுவரை அதுதான் கதவில் இருக்கிறது.

எந்த அளவு என்று தெரியாவிட்டால் பழைய கயிற்றை அளக்காதீர்கள், அது நசுங்கிப் போயிருக்கும். காடியின் அகலத்தைப் பாருங்கள், அடுப்பின் கையேட்டைப் பாருங்கள்.

நண்பர் ஒருவர் 1260 டிகிரி தாங்கும் செராமிக் இழைக் கயிறு போட்டார். உலைக்களத்துக்கு உரிய சாமான் அது. வீட்டுக் கதவுக்கு அந்தச் சூடு வருவதே இல்லை, அதோடு கதவைத் திறந்து மூட அது சீக்கிரம் நைந்து தூசி விட்டது. அந்த இழையின் தூசி புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஐரோப்பிய விதிகளில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் தவழும் கூடத்தில் அதை நான் வைக்க மாட்டேன்.

பழைய அடுப்புக்காரர்களுக்கு ஒன்று, தயவுசெய்து கவனியுங்கள். நோர்வேயில் அஸ்பெஸ்டஸ் 1985-இல்தான் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்திய அடுப்பில் சாம்பல் வெள்ளையாக ஒரு கயிறு இருந்தால் கத்தியை எடுத்துச் சுரண்டத் தொடங்காதீர்கள். ஆய்வுக்குக் கொடுத்து என்னவென்று தெரிந்த பிறகு தொடுங்கள்.

ஒட்டுகிற வேலை ஒரு மாலைப்பொழுது. கதவைக் கழற்றி மேசையில் படுக்கவைத்தேன். பழைய பசை காடிக்குள் கல்லாக இருந்தது, பழைய ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எடுத்து, கம்பித் தூரிகையால் இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். பாதி நேரம் இதற்கே போனது, ஆனால் இதைச் சரியாகச் செய்யாவிட்டால் எந்தப் பசையும் நிற்காது. அடுப்புக் கயிற்றுப் பசை சோடியம் சிலிக்கேட்டால் ஆனது. காடியின் அடியில் ஒரு மெல்லிய கோடு போதும். கூட ஊற்றினால் கயிறு அதைக் குடித்துக் கல்லாகிவிடும், மெதுமை பார்த்து வாங்கியதெல்லாம் வீண். கயிற்றை இழுத்து வைக்கக் கூடாது, இழுத்தால் மெலியும். தளர விட்டு, விரலால் உள்ளே தள்ளிக்கொண்டே போக வேண்டும். வெட்டும் இடத்தில் முதலில் டேப் சுற்றி, டேப்பின் நடுவில் வெட்டினால் நுனி பிரியாது. இரண்டு நுனியும் சேரும் இடத்தைக் கீல் பக்கம் வைத்தேன், அங்கேதான் அழுத்தம் நன்றாக இருக்கிறது. கையுறை போடுங்கள், இழை குத்தினால் இரண்டு நாள் அரிக்கும். கதவை மாட்டி, இடையில் ஒரு தாளை வைத்து மூடி ஒரு நாள் முழுக்க விட்டேன். முதல் நெருப்பு சுள்ளிகளால் மட்டும். அன்று கொஞ்சம் நாற்றம் வந்தது, ஜன்னலைத் திறந்துவைத்தோம்.

கதவு கையில் இருக்கும்போதே கண்ணாடிக்குப் பின்னால் உள்ள தட்டை நாடாவையும் மாற்றிவிடுங்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் திருகுகளை இறுக்கி முடுக்காதீர்கள். சூட்டில் இரும்பு விரிகிற அளவுக்கு அந்தக் கண்ணாடி விரியாது, இடம் இல்லாவிட்டால் கீறல் விழும்.

மூன்று குளிர்காலத்துக்குப் பிறகு இப்போது எப்படி இருக்கிறது? காற்றைக் குறைத்தால் ஐந்து நிமிடத்தில் சுவாலை சோம்பலாகிறது. கண்ணாடியை வாரம் ஒருமுறை ஈரத்தாளில் சாம்பல் தொட்டுத் துடைத்தால் போதும். போன வாரம் தாள் வைத்து இழுத்ததில் ஒன்பது இடத்தில் பிடித்தது, பூட்டுக்கு நேர் கீழே ஒரு விரற்கடை அளவுக்கு மட்டும் வழுக்கியது. பூட்டின் கொக்கியை அரைத் திருகு உள்ளே தள்ளியதும் அங்கேயும் பிடித்துக்கொண்டது.