தமிழில் நடந்த உயரப் பணிப் பயிற்சி: ஒரு பெயின்டரின் அனுபவம்

சிங்கப்பூரில் 11 ஆண்டுகளாகக் கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறேன். உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சியை முன்பே ஒருமுறை முடித்திருந்தேன். அது ஆங்கிலத்தில் நடந்தது; சான்றிதழ் வந்தது, பாடம் மனத்தில் நிற்கவில்லை. இம்முறை தமிழ் வகுப்பு என்றதும் நானே கேட்டுச் சேர்ந்தேன்.

பயிற்றுநர் முதலில் என் ஹார்னஸைத்தான் (விழுந்தால் தாங்கிப் பிடிக்க உடலில் மாட்டும் வார்க்கட்டு) கையில் எடுத்தார். வார் முழுக்கப் பெயின்ட் கறை. “தம்பி, இதற்கு அடியில் தையல் விட்டிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? தின்னர் பட்டால் வாரே பலமிழந்துவிடும்” என்றார். அதை அப்போதே ஒதுக்கி வைத்துவிட்டேன்.

அடுத்துப் பலகையில் ஒரு கணக்குப் போட்டார். லேன்யார்டு, அதாவது ஹார்னஸின் முதுகு வளையத்தையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு, 1.8 மீட்டர். விழும் வேகத்தைத் தாங்கும் மடிப்புப் பை கிழிந்து விரிந்தால் அதிகபட்சம் 1.75. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5. அதற்கும் கீழே 1 மீட்டர் இடைவெளி. ஆக, கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே சுமார் 6 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். நான் 4 மீட்டர் உயரச் சாரத்தில் நின்றுகொண்டு காலடிக் குழாயில் கொக்கியை மாட்டியவன். விழுந்திருந்தால் பை விரிந்து முடிவதற்குள் தரையில் மோதியிருப்பேன். தலைக்கு மேலே மாட்டினால் விழும் தூரமே குறைந்துவிடும் என்பது அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது. இதற்காகவே இந்த வகுப்புக்குப் போகலாம்.

இரட்டைக் கொக்கியில் ஒன்று மாட்டியிருக்கும்போதே மற்றதைக் கழற்றி நகரும் பழக்கத்தையும் விடாமல் செய்யவைத்தார்கள். ஆனால் 20 பேருக்கு நான்கே ஹார்னஸ்கள். காத்திருந்தே பாதி மதியம் போய்விட்டது.

பெரிய குறை மீட்புப் பாடம். ஹார்னஸில் இரண்டு நிமிடம் தொங்கியதிலேயே தொடை வார் இறுக்கி எனக்குக் கால் மரத்துவிட்டது. அசையாமல் தொங்கினால் இரத்தம் காலிலேயே தேங்கி, மயக்கமும் உயிராபத்தும் வரும் என்று அவர்களே சொன்னார்கள். அப்படித் தொங்குபவரை இறக்கும் வழியைக் காணொளியில் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். கயிற்றையும் கப்பியையும் எங்கள் கையில் கொடுத்துப் பழக்கியிருக்க வேண்டும். பயிற்சி நிலையத்தில் இதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எத்தனை பேருக்கு எத்தனை ஹார்னஸ்? மீட்புப் பயிற்சியை நம் கையால் செய்யவைப்பார்களா?