வெள்ளை லெதர் ஷூவில் ஓவியம்: எந்தப் பெயின்ட் எந்த இடத்தில் நிற்கும்?

நைக்கியின் வெள்ளை ஏர் ஃபோர்ஸ் 1 போன்ற லெதர் ஷூவில் படம் வரைய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பெயின்ட் நல்லது என்பதைத்தான். ஷூவைக் கையில் எடுத்து முன்பக்கத்தை ஒருமுறை மடக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டால் கேள்வியே மாறிவிடும். விரல்களை ஒட்டி மடிப்பு விழும் இடம் ஒவ்வோர் அடிக்கும் மடங்கி நிமிர்கிறது. குதிகாலும் ஸ்வூஷ் (நைக்கியின் வளைகோட்டு முத்திரை) இருக்கும் பக்கவாட்டும் அவ்வளவாக அசைவதில்லை. எந்தப் பெயின்ட்டின் யோக்கியதையும் அந்த மடிப்பில்தான் தெரியும்.

ஸ்பிரிட் கலந்த லெதர் டையை (தோல் சாயம்) முதலிலேயே கழித்துவிடலாம். டை தோலுக்குள் ஊறுவது. மேலே படலம் இல்லாததால் உரிய வழியில்லை. ஆனால் ஸ்னீக்கர் தோலின் மேல் ஆலையிலேயே நிறமும் பாலியூரித்தேன் பூச்சும் ஏற்றிவிடுகிறார்கள். அதில் டை சமமாக ஊறாமல் திட்டுத்திட்டாக நிற்கும், கோடும் கசியும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட, மேல்பூச்சில்லாத தோலுக்குத்தான் அது சரி.

மற்ற எதை எடுத்தாலும் அந்த ஆலைப் பூச்சை முதலில் நீக்க வேண்டும். லேஸைக் கழற்றி, சோல் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பஞ்சில் அசிட்டோன் அல்லது டீகிளேசர் (பூச்சை நீக்கும் திரவம்) தொட்டுத் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய்த் தோல் மங்கி, பஞ்சில் லேசாக நிறம் ஏறினால் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் தேய்த்தால் தோல் சொரசொரப்பாகி, பெயின்ட்டுக்கு மேலும் தெரியும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். செயற்கைத் தோலாக இருந்தால் அசிட்டோன் மேற்பரப்பையே கரைத்துவிடும். அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும்.

இனி உண்மையான போட்டி: ஏஞ்சலஸ் போன்ற லெதர் பெயின்ட்டா, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக்கா? இரண்டும் தண்ணீர் கலந்த அக்ரிலிக்தான். வித்தியாசம் நிறத்தில் இல்லை, நிறத்தைப் பிடித்து வைக்கும் பைண்டரில் இருக்கிறது. லெதர் பெயின்ட்டின் பைண்டர் காய்ந்த பிறகும் இழுத்தால் நீளும். கேன்வாஸுக்குச் செய்த அக்ரிலிக் அந்த அளவுக்கு நீளாது. மடிப்பில் மயிரிழை விரிசல் விடும், குளிர் ஊர்களில் இன்னும் சீக்கிரம். பெயின்ட்டைத் துணிக்கு ஏற்றதாக்கக் கலக்கும் துணி மீடியத்தை, இரண்டு பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்காகக் கலந்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஓரளவு நெகிழும், ஆனால் அந்த மீடியங்கள் பெரும்பாலும் இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் இறுகுபவை. ஷூவை யார் இஸ்திரி போடுவது?

அதற்காகச் சாதாரண அக்ரிலிக்கைத் தூக்கிப்போட வேண்டாம். குதிகால் பட்டையில் சின்னப் பூவோ எழுத்தோ போட அது தாராளமாகப் போதும், விலையும் குறைவு. மடிப்புப் பகுதிக்கு மட்டும் லெதர் பெயின்ட்டில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. ஸ்வூஷும் குதிகாலும் மட்டும் என்றால் 29.5 மி.லி. புட்டி ஒன்றே போதும், மிச்சமும் இருக்கும்.

ஆனால் நல்ல பெயின்ட்டையும் தடிப்பாக அடித்தால் விரிசல்தான். ஷூவுக்குள் காகிதம் திணித்து மடிப்பை நிமிர்த்திக்கொண்டு, நைலான் பிரஷில் மெல்லிய பூச்சாக 3 முதல் 5 முறை, நடுவே 15–20 நிமிடம் காயவிட்டு அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் நேரம் கொடுங்கள். முதல் பூச்சு அடிதெரிந்து அசிங்கமாகத்தான் இருக்கும்; அதை மறைக்க உடனே இன்னொரு முறை தீட்டினால் பாதி காய்ந்த படலம் சுருண்டு வரும். அடர்நிறத் தோலில் மஞ்சள், சிவப்பு எடுக்க, கீழே வெள்ளை ஒரு பூச்சாவது வேண்டும்.

கெட்டுப்போனதைப் பார்த்தே காரணம் சொல்லலாம். பெயின்ட் தாளாக உரிந்து, கீழே தோல் பளபளவென்று இருந்தால் அசிட்டோன் வேலை சரியில்லை. தோலைப் பிடித்துக்கொண்டே கோடுகோடாக வெடித்திருந்தால் பூச்சு தடிப்பு, அல்லது பெயின்ட் விறைப்பு.

பேனாபோல் பிடித்து வரையும் பெயின்ட் மார்க்கரான போஸ்கா வேறு ஆட்டம். பெரிய பரப்பை நிரப்பினால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரிவரியாகத் தெரியும். அவுட்லைனுக்கும் எழுத்துக்கும் பிரஷ் அதன் பக்கத்தில் நிற்க முடியாது: மெல்லிய கோட்டுக்கு 0.7 மி.மீ. முனையுள்ள பிசி-1எம், கொஞ்சம் தடிப்புக்கு பிசி-3எம். கீழே உள்ள பெயின்ட் நன்றாகக் காயாமல் மார்க்கர் வைத்தால் முனை அதைச் சுரண்டி, அடைத்துக்கொள்ளும். ஓர் இரவு காத்திருப்பது நல்லது.

மார்க்கர் கோட்டின் மேல் தண்ணீர் கலந்த ஃபினிஷரை (ஓவியத்தைக் காக்கும் கடைசி மேல்பூச்சு) பிரஷால் இழுத்தால் கறுப்பு மை வெள்ளைக்குள் பரவும். முதல் பூச்சை ஸ்பிரே செய்யுங்கள். இல்லையென்றால் ஸ்பாஞ்சால் ஒற்றி, காய்ந்த பிறகு இரண்டாவதை அடியுங்கள். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷர் என்றால் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். மேட் தூள் அடியில் தங்கினால் ஓரிடம் பளபளக்கும், ஓரிடம் வெண்புகை படிந்ததுபோல் மங்கும். முன்பக்க ஓட்டைகளில் ஃபினிஷர் தேங்கினால் குண்டூசியால் உடனே எடுத்துவிடுங்கள். கடைசிப் பூச்சுக்குப் பின் ஒரு நாள் முழுக்க ஷூவைப் போடாமல் வைத்திருங்கள். முதல் சில நாள் ஈரமும் படக்கூடாது.