வில்மா பேங்கியின் இரண்டு படங்கள் ஒரே டிவிடியில்: ஒன்றுக்குத்தான் காசு தகும்

ஊமைப்படக் காலத்து ஹாலிவுட் நாயகன் ருடால்ஃப் வேலண்டினோவுக்காகத்தான் இந்த டிவிடியை வாங்கினேன். அட்டை முழுக்க அவர் முகம்தான். உள்ளே 1925-இல் வந்த 'தி ஈகிள்', 1926-இல் வந்த 'தி சன் ஆஃப் தி ஷேக்' என்று இரண்டு ஊமைப்படங்கள். இரண்டிலும் நாயகி ஹங்கேரியில் பிறந்த வில்மா பேங்கி, ஆனால் அவர் பெயரைப் படிக்க அட்டையைத் திருப்பிக் கண்ணருகே பிடிக்க வேண்டியிருக்கிறது. வெளியிட்டவர்கள் யார் என்று சொல்லி வம்பை வாங்க விரும்பவில்லை.

'தி ஈகிள்' பிரதி நன்றாகவே இருக்கிறது. ரஷ்ய எழுத்தாளர் புஷ்கினின் கதை. மகாராணியின் ஆசைக்கு இணங்காமல் ஓடிப்போகும் ரஷ்யப் படை அதிகாரி, அப்பாவின் சொத்தைப் பறித்தவனைப் பழிவாங்க முகமூடிக் கொள்ளைக்காரன் ஆகிறான், அப்புறம் பிரெஞ்சு வாத்தியார் வேடத்தில் அதே பகையாளியின் வீட்டுக்குள் நுழைகிறான், அங்கே இருக்கும் மகள்தான் வில்மா. கதை போகும் வழி உங்களுக்கே தெரியும், பரவாயில்லை. விருந்துக் காட்சியில் கேமரா அந்த நீள மேசையின் மேலேயே, தட்டுகளுக்கும் கோப்பைகளுக்கும் நடுவில், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்கிறது பாருங்கள், அதற்காகவே மூன்று தடவை பின்னோக்கி ஓட்டினேன். வில்மாவும் கைகளை வீசி, மாரில் அடித்துக்கொண்டு நடிக்கிற ரகம் இல்லை. வாத்தியார் மேல் சந்தேகம் வருவதைக் கண்ணிலேயே காட்டிவிடுகிறார்.

இரண்டாவது படம்தான் வயிற்றெரிச்சல். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) என்பது பேசும் படம் வந்தபின் நிலைத்த கணக்கு. அதை யோசிக்காமல் இந்த வேகத்திலேயே ஓட்டியதாலோ என்னவோ, நடனக்காரி யாஸ்மினாக வில்மா ஆடும்போது சாவி கொடுத்த பொம்மை மாதிரி தெரிகிறார். நடுநடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டைகளின் ஓரங்களும் வெட்டுப்பட்டிருக்கின்றன. பின்னணிக்கு ஒரே பியானோ துண்டு, காதலுக்கும் அதுவே, கத்திச் சண்டைக்கும் அதுவே. படத்திலேயே நாயகன் பழிவாங்க அவளைக் கடத்திப்போகும் பகுதி இன்றைக்குப் பார்க்கச் சங்கடம்தான், அது டிவிடியின் குற்றம் இல்லை.

கூடுதல் சரக்கு என்று வில்மாவைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. அதில் இருப்பது இவ்வளவுதான்: பேசும் படம் வந்தது, ஹங்கேரிய உச்சரிப்பு காலை வாரியது, காணாமல் போனார், முடிந்தது கதை! ஹாலிவுட் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் 1925-இல் புடாபெஸ்டில் பார்த்து அமெரிக்காவுக்கு அழைத்துவந்ததற்கு முன்பே அவர் ஐரோப்பாவில் பல படங்கள் நடித்திருந்தார். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நடிகர் ரொனால்ட் கோல்மனுடன் தொடர்ந்து ஜோடி சேர்ந்தது, அவற்றில் முதலாவதான 'தி டார்க் ஏஞ்சல்' பிரதியே இல்லாமல் அழிந்துபோனது, எதுவும் இல்லை. உச்சரிப்பு தொல்லை கொடுத்தது உண்மைதான், ஆனாலும் 1930-இல் எட்வர்ட் ஜி. ராபின்சனோடு பேசி நடித்தார், 1932-இல் ஒரு ஜெர்மன் படமும் செய்தார், அதற்குப் பிறகுதான் விலகினார். 1927-இல் கோல்ட்வின் தடபுடலாக நடத்திவைத்த கல்யாணத்தில் கைப்பிடித்த நடிகர் ராட் லா ரோக்குடன், அவர் 1969-இல் இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார். வில்மா 1991-இல் இறந்தபோது செய்தி வெளியே வரவே அடுத்த வருடம் ஆனது. இதையெல்லாம் எழுத அந்தப் பக்கத்தில் இடம் இருந்தது, பாதிப் பக்கம் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

முதல் படத்துக்காக வாங்கலாம். இரண்டாவதை என் பிளேயரில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, பியானோவை அணைத்துவிட்டுப் பார்த்தேன், நடனம் ஓரளவு நடனமாகத் தெரிந்தது.