‘தமிழ் பேசும் டோரா கேம்’ என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். எனக்குப் போனது ரூ.7,400

பழைய பொருள்களை வாங்கி விற்கும் ஒரு செயலியில் ரூ.7,400 தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். செயலியின் பெயரைப் போடப் போவதில்லை. விற்றவன் பெயரும் வேண்டாம், அது உண்மைப் பெயராக இருக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என் அக்கா மகளுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஐந்து வயது முடிந்தது. அவளுக்கு எல்லாமே டோராதான். நான் பார்த்த அதே டோரா. 2007இல் சுட்டி டிவி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டு வந்ததும் பையை மூலையில் எறிந்துவிட்டு டிவி முன்னால் உட்காருவேன். டோராவும் புஜ்ஜியும் காட்டுக்குள் போவார்கள், குள்ளநரி வரும், நானும் அக்காவும் சேர்ந்து “குள்ளநரி திருடக்கூடாது” என்று கத்துவோம். இப்போது அதே கத்தலை அக்கா மகள் கத்துகிறாள், இந்த முறை ஃபோனைப் பார்த்து.

டோராவை வைத்து வீடியோ கேம்கள் வந்திருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் 2000இல் கார்ட்டூன் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே கணினிக்கும், கையில் வைத்து ஆடும் கேம் பாய் அட்வான்ஸுக்கும் வர ஆரம்பித்துவிட்டன. டிவியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் 2க்கு (சுருக்கமாக பிஎஸ்2) மட்டுமே பல உண்டு. 2005இல் வந்த ஒன்றில் டோரா ராக்கெட்டில் ஏறி ஊதா நிறக் கிரகத்துக்குப் போவாள். 2008இல் கடல்கன்னிகளைக் காப்பாற்றுவது ஒன்று, பனி இளவரசியைக் காப்பாற்றுவது ஒன்று. எண்ணுவது, நிறம் பார்ப்பது, வடிவம் பொருத்துவது என்று சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டுகள். தோற்றுப்போய் அழ வேண்டிய அவசியமே வராது. இதையெல்லாம் தேடிப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். அந்த அளவுக்குத் தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் எரிச்சல்.

எனக்கு இதில் ஒரு சொந்த ஆசையும் இருந்தது, மறைப்பானேன். எங்கள் தெருமுனையில் மணிக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் ஆட விடும் கடை ஒன்று இருந்தது. வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வயதின் கனவு. வாங்கித் தர அப்பாவுக்கு வசதி இல்லை. இப்போது தாய்மாமன் என்ற முறையில் குழந்தைக்கு வாங்கினால் நானும் கொஞ்சம் ஆடலாம் என்று ஒரு கணக்கு.

செயலியில் தேடியபோது அந்த விளம்பரம் வந்தது. “பிஎஸ்2, சிப் போட்டது, இரண்டு ஜாய்ஸ்டிக், டோரா கேம் நான்கு, தமிழ் வாய்ஸ்.” சிப் போட்டது என்றால் நகல் டிஸ்கும் ஓடும்படி மாற்றியது. விலை ரூ.7,500. அந்த ‘தமிழ் வாய்ஸ்’ என்ற இரண்டு சொல்லில்தான் விழுந்தேன். அமெரிக்கக் கேம்களில் டோரா ஆங்கிலம் பேசுவாள், நடுநடுவே ஸ்பானிஷ் சொற்கள் சொல்லித் தருவாள். நம் ஊர் டோரா தமிழ் பேசி ஆங்கிலச் சொல் கற்றுத் தருகிறவள். அக்கா மகளுக்கு அவளைத்தான் தெரியும். ஸ்பானிஷ் பேசும் டோராவைக் காட்டினால் “இது வேற டோரா” என்று எழுந்து போய்விடுவாள்.

சந்தேகம் வராமல் இல்லை. “தமிழ்ல எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன். உடனே ஃபோன் செய்தான். குரலில் ஒரு நிதானம். “சிப் போட்ட பிஎஸ்2ல டப்பிங் டிஸ்க் ஓடும் ப்ரோ, ஒருத்தர் ஆர்வத்துல பண்ணினது. என் பொண்ணு இதை ஆடித்தான் எண்ணவே கத்துக்கிட்டா. இப்ப அவ மூணாங்கிளாஸ், தொடுறதே இல்ல. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தான் குடுக்கணும்னு வெச்சிருந்தேன்.” பிறகு நாற்பது நொடி வீடியோ ஒன்று அனுப்பினான்.

அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு சின்னக் கை, அதில் ஜாய்ஸ்டிக். எதிரே டிவியில் டோரா. தமிழில்தான் பேசுகிறாள். உயரமான மலை எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். திரையில் ஒரு நீல அம்புக்குறி நகர்ந்து மலை மேல் போய் நிற்கிறது. டிக் என்று ஒரு சத்தம். டோரா பாராட்டுகிறாள். பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த நீல அம்புக்குறி எதில் வரும்? கார்ட்டூனிலேயே வரும்! கணினி விளையாட்டு மாதிரி தெரிய வேண்டும் என்றே அந்தக் கார்ட்டூனை அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். டோரா கேள்வி கேட்பாள், பிள்ளை பதில் சொல்வதற்காகச் சில நொடி சும்மா நிற்பாள், அம்பு வந்து சொடுக்கும். யூடியூபில் ஒரு எபிசோடை ஓடவிட்டு, கையில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அச்சு அசல் கேம் ஆடுவது போலவே இருக்கும். உலகத்திலேயே இந்த ஏமாற்று வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கார்ட்டூன் கிடையாது. பணம் போன பிறகு அந்த நாற்பது நொடியை ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். அம்பு நகரும்போது குழந்தையின் கட்டைவிரல் நகரவே இல்லை. ஜாய்ஸ்டிக்கின் வயர் மடியோடு முடிந்துவிடுகிறது. சிறுவயதில் நூறு எபிசோடாவது பார்த்திருப்பேன், எனக்கு அன்று இது தோன்றவில்லை.

கடைசியாக ஒன்று செய்தான். “பாப்பாவுக்குப் பிறந்தநாளா? என் கிஃப்டா நூறு ரூபாய் குறைச்சுக்குங்க ப்ரோ.” அங்கேதான் முழுசாக நம்பினேன். திருடன் எவனாவது தானாக முன்வந்து நூறு ரூபாய் குறைப்பானா? குறைப்பான். முன்பணம் ரூ.2,000, பார்சல் போட்ட ரசீதின் படம் வந்ததும் ரூ.5,400. மொத்தம் ரூ.7,400. செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள் என்று சொன்னதால் நேராக அவன் யூபிஐக்கே அனுப்பினேன்.

பார்சல் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு மாலை கேக் வெட்டி முடித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார, டிவியில் மாட்டினேன். முன்கூட்டியே போட்டுப் பார்த்திருக்க வேண்டும், தெரியும், யாரும் சொல்ல வேண்டாம். டோரா படத்தைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிய உறை. உள்ளே நகல் எடுத்த டிவிடி. போட்டேன். ஓடியது. வந்தது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்.

ஐந்து வயதுப் பிள்ளைகள் ஆறு பேர் டோராவுக்காகக் காத்திருக்கிறார்கள். திரையில் போலீஸ்காரர்கள் ஒருவனைப் பிடித்துக் கெட்ட வார்த்தையில் திட்டி, அவன் கையில் இருந்த பணத்தையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். அவன் முகத்தில் என்னைப் பார்த்தேன். அக்கா ரிமோட்டைத் தேடி ஓடினாள். “மாமா, டோரா எப்ப வருவா?” என்று கேட்டது குட்டி. (ஒரு கொசுறுச் செய்தி: ஊதாக் கிரக டோராவை வெளியிட்டதும் இந்தக் கார் திருட்டு விளையாட்டை வெளியிட்டதும் ஒரே தாய் நிறுவனத்தின் இரண்டு பிரிவுகள். இதைச் சொல்லி அக்காவைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். எடுபடவில்லை.)

இரண்டாவது டிஸ்க் கறுப்புத் திரையோடு நின்றது. மூன்றாவதையும் நான்காவதையும் படிக்கவே இல்லை, உள்ளே கரகர என்று சத்தம் மட்டும்.

அப்புறம் ஆரம்பித்தது சாக்குப்போக்கு. ஞாயிறு இரவு: “டிவி செட்டிங் பாருங்க ப்ரோ.” திங்கள் காலை: “லென்ஸைத் துடைச்சுப் போடுங்க.” மதியம்: “கூரியர்ல அடிபட்டிருக்கும், அவங்களைக் கேளுங்க.” டிஸ்கிலேயே வேறு கேம் இருக்கிறதே, அதுவும் கூரியரில் அடிபட்டா மாறியது என்று கேட்டதற்கு, “பொண்ணு மாத்தி வெச்சுட்டா போல” என்றான். தமிழ் டிஸ்கை அனுப்பு என்றேன். “தேடுறேன்.” மாலையில், “செகண்ட்ஸ் பொருளுக்கு வாரண்டி கிடையாது, தெரிஞ்சுதானே வாங்கினீங்க?” அந்த ‘ப்ரோ’ காணாமல் போயிருந்தது. ரூ.7,400ஐத் திருப்பிக் கொடு, பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதினேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது இன்றுவரை.

செயலிக்காரர்கள் அதற்கு மேல். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில்: பரிவர்த்தனை எங்கள் செயலிக்கு வெளியே நடந்ததால் எங்களால் தலையிட முடியாது, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். அந்த விளம்பரத்தையாவது எடுங்கள் என்றேன். புகார் பரிசீலனையில் இருக்கிறதாம். விளம்பரம் நேற்று இரவும் இருந்தது. வங்கியில் கேட்டால், “நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்களே சார்” என்கிறார்கள். ஆமாம், நானேதான் அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு அண்ணன் திறந்து பார்த்தார். “லென்ஸ் போயிடுச்சு தம்பி. ஓடுற டிஸ்கும் இன்னும் நாலு நாள்தான்.” எவ்வளவுக்கு வாங்கினாய் என்றார். ரூ.7,400 என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் ஸ்க்ரூவை மாட்டினார். இந்த நிலையில் உதிரிக்கு எடுத்தால் ஆயிரம் ரூபாய் தருவாராம். தமிழ் டோரா டிஸ்க் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை என்று சிரித்தார். பெட்டியைப் பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை. இந்த வாரத்தில் என்னிடம் காசு வாங்காத ஒரே ஆள்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. “அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு ஒரு ஜோடி கொலுசு போட்டிருக்கலாமேடா” என்கிறார். காலையிலிருந்து இத்தோடு நான்காவது தடவை.

சரி, விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். வீடியோவை நம்பாதீர்கள். வீடியோ காலில் வரச் சொல்லி, “இப்ப இடது பக்கம் நகர்த்துங்க” என்று கேளுங்கள். டோரா மாதிரிக் கார்ட்டூனுக்கு இது ரொம்ப முக்கியம். பிஎஸ்2 தயாரிப்பு 2013இலேயே நின்றுவிட்டது, வருவதெல்லாம் பழசுதான், கண் முன்னால் டிஸ்க் ஓடாமல் ஒரு ரூபாய் தராதீர்கள். செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள், நான் இரண்டு நாள் அவன் பதிலுக்காகக் காத்திருந்து கெட்டேன். நேற்றுதான் அழைத்தேன், புகார் எண் மட்டும் வந்திருக்கிறது. பிள்ளைகள் முன்னால் முதல் முறையாகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

அக்கா ஃபோன் செய்கிறாள். அந்தப் பெட்டி இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மாப்பிள்ளை நேற்று ராத்திரி சான் ஆண்ட்ரியாஸ் ஆடத் தேடினாராம்.